படம் வாசிக்கும் கலியபெருமாள்

ஊருக்கு லீவு கேட்பவர்கள் கல்யாணம், காதுகுத்து, நிலத் தகராறு என்று ஏதாவது சொல்வார்கள். நான் தாய்லாந்துப் படம் பார்க்க மன்னார்குடிக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே பிரிவின் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி, "தாய்லாந்து இங்கிருந்து பக்கம்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அரை மணி நேரமாகும் என்பதால் சிரித்து வைத்தேன்.

அந்த அரை மணி நேரத்தை இங்கே சுருக்கித் தருகிறேன். மன்னார்குடியைச் சுற்றியுள்ள சினிமாப் பைத்தியங்கள் பதினைந்து பேர், மாதாமாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடி வெளிநாட்டுப் படம் பார்க்கிறார்கள். கொரியா, ஈரான், ஜப்பான், துருக்கி எதையும் விடுவதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் இவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு வந்தால் வீடியோ காலில் உட்கார்ந்துவிடுவேன். ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்து எனக்கும் ஒரு சீட் ஒதுக்கியிருந்தார்கள்.

இவர்கள் படம் பார்க்கும் முறை வேறெங்கும் நான் கேள்விப்படாதது. திரையின் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை எல்லோராலும் அந்த வேகத்தில் படிக்க முடியாது. அதனால் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வசனத்தையெல்லாம் தமிழில் சத்தமாகச் சொல்வார். இதற்கு 'வாசிப்பு' என்று பெயர். வாசிப்பவர் கலியபெருமாள். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர், கொஞ்சம் சொந்த நிலமும் உண்டு. அவர் வாசித்தால் கொரியா ரவுடி, "ஏன்டா, எங்கூட்டு வாசலுக்கே வந்துட்டியா?" என்று கேட்பான். ஈரான் நாட்டு மாமியார், "வாங்க மாப்ள, காப்பி சாப்புட்டுப் போங்க" என்பாள். திரையில் யாரும் பேசாத காட்சி வந்தால் சொந்தச் சரக்கை எடுத்து விடுவார். படத்தைவிட அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அந்தச் சொந்தச் சரக்குதான் வினையாகப் போனது. போன ஜூன் மாதம் ஒரு கொரியப் படம். ஒரு தாய் சாகக் கிடக்கிறாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். வசனமே கிடையாது, கேமரா அசையாமல் நிற்கிறது. நாலைந்து நிமிஷம் போயிருக்கும். வாசிப்பு நாற்காலியிலிருந்து கலியபெருமாள், "இன்னும் உசுரு போகலைங்க. வெயிட் பண்ணுவோம்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. சிங்கப்பூரில் சோபாவில் இருந்தபடி நானும் வாய்விட்டுச் சிரித்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த நூருல் அமீன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அவருடைய அம்மா இருபத்திரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்து போயிருந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அமீனும் கலியபெருமாளும் இருபது வருஷச் சிநேகிதர்கள். திருவாரூரில் ஏதோ ஒரு டப்பிங் படத்தின் மதியக் காட்சிக்கு மொத்தமே இரண்டு டிக்கெட் விற்றிருக்கிறது. ஒன்று இவர், ஒன்று அவர். அப்படித் தொடங்கிய பழக்கம் அந்த ஜூன் மாதத்தோடு நின்றது. கலியபெருமாள் வாசிப்பதை விட்டார். வாசிப்பு இல்லாததால் பதினைந்து பேர் ஐந்து பேரானார்கள். ஏழு மாதம் இப்படியே ஓடியது. குழுவை நடத்தும் வசந்தா டீச்சர் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ராஜிக்கா, ரெண்டு பேருமே நீங்க வந்தா வரேங்கிறாங்க. இந்த ஜனவரியும் ஒண்ணு கூடலைன்னா நான் ப்ரொஜக்டரைத் தூக்கி ஸ்கூலுக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருந்துடுவேன்."

எலிப்பொறியில் வைக்கும் மசால்வடை நான்தான் என்று புரிந்தது. டிக்கெட் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். நான் விருதுநகர்க்காரி. எங்கள் ஊரில் பொரித்த பரோட்டா தின்று வளர்ந்த நாக்கு, தஞ்சாவூர்ச் சாப்பாட்டைக் கொஞ்சம் இளக்காரமாகவே நினைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன மெஸ்ஸில் வாழைப்பூப் பருப்பு உசிலியும் மோர்க்குழம்பும் போட்டார்கள். மூன்றாவது தடவை சோறு கேட்டபோது பரிமாறியவர் வாளியை இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். இளக்காரத்தை அன்றோடு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பொங்கல் முடிந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா முற்றி மஞ்சளாக நிற்கிறது, சில இடங்களில் அறுப்பு நடக்கிறது. எங்கள் பக்கம் குடங்கள் வரிசையில் நிற்கும், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்போம். இங்கே ஊருக்கு ஊர் வாய்க்கால் ஓடுகிறது, அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சிங்கப்பூர்க் குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வந்தாலும் இந்தப் பொறாமை மட்டும் போவதில்லை.

நீடாமங்கலம் தாண்டியதும் பஸ் நின்றது. எதிரே அறுவடை மிஷினை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ரோட்டின் இடது பாதியில் யாரோ நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். பஸ் ஒதுங்கினால் நெல்லில் ஏற வேண்டும், லாரி ஒதுங்கினால் வாய்க்காலில் இறங்க வேண்டும். இரண்டு டிரைவர்களும் இறங்கிப் பேசினார்கள். கண்டக்டரும் இறங்கினார். நெல்லுக்கு உரிய அம்மாள் ஒரு மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, "ஏறித்தான் போங்களேன், உமிதானே போவும்" என்றார். டிரைவர் மறுத்துவிட்டார். சோற்றின் மேல் வண்டி ஏற்றினால் அன்றைக்கு ராசியில்லையாம். கடைசியில் பயணிகள் எட்டுப் பேர் இறங்கி, கிடைத்த பலகையையும் விளக்குமாற்றையும் வைத்து நெல்லை ஒரு பக்கமாகத் தள்ளினோம். எக்ஸ்ரே எடுத்த கை நெல் தள்ளியது. முக்கால் மணி நேரம் தாமதம், ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

வசந்தா டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கே ஸ்கூட்டியில் வந்துவிட்டார். குரலை வைத்து நல்ல உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன், என் தோளுக்கு இருந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்குப் போனதும் டிகிரி காப்பி, கூடவே வீட்டிலேயே செய்த முறுக்கு. தட்டைக் கீழே வைக்குமுன் நாங்கள் முன்பு பார்த்த ஒரு துருக்கிப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு பல் டாக்டர் ஊரைவிட்டே ஓடிப்போகிறார், ஆனால் கடைசிவரை எதற்கு ஓடினார் என்று சொல்வதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கணக்கைப் போட்டுவிட்டு விடையை எழுதாமல் எழுந்து போனால் மார்க் எப்படிப் போடுவது என்று கேட்டார். வாழ்க்கையில் பாதிக் கணக்குக்கு விடை கிடையாது என்றேன். அதனால்தான் படத்திலாவது எதிர்பார்க்கிறேன் என்றார். இப்படி இரண்டு மணி நேரம் போனது. சிங்கப்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து வருஷத்தில் நான் இவ்வளவு பேசியதில்லை.

பேச்சு ஒரு இடத்தில் நின்றதும் டீச்சர் முறுக்கை உடைத்துக்கொண்டே, "அந்தக் கொரியப் படத்தை எடுத்தது நான்தாங்க" என்றார். விமர்சனம் மட்டும் படித்துவிட்டு, முழுக்கப் பார்க்காமல் தேர்ந்தெடுத்திருக்கிறார். பார்த்திருந்தால் அந்த மாதம் அதைப் போட்டிருக்க மாட்டாராம். வாசித்தவர் ஒருவர், தேர்ந்தெடுத்தவர் ஒருவர், சிரித்தவர்கள் நாங்கள் எல்லோரும். ஒரு ஆள் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு ஏழு மாதம் சும்மா இருந்திருக்கிறோம். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விருந்தாளிதான் படம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். நான் பெட்டியில் துணி வைக்கும் முன்பே படத்தை முடிவு செய்திருந்தேன். தாய்லாந்தில் ஒரு கிராமம். அங்கே சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்கிறவர். அவர் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி கெட்டுப்போகிறது. இனி அவரே பாடிக்கொண்டுதான் வர வேண்டும், ஆனால் அவருக்குக் கூச்சம். படம் முழுக்க இவ்வளவுதான். ஒருவரும் சாவதில்லை. சாவில்லாத படமாகத் தேடித் தேடி எடுத்தது. இரண்டு தடவை பார்த்து இரண்டு தடவையும் சிரித்திருந்தேன்.

சனிக்கிழமை கூத்தாநல்லூர். ஷேர் ஆட்டோவில் ஏழு பேர், அதில் ஒருவர் மடியில் உயிருள்ள கோழி. பாதி வழியில் டயர் பஞ்சராகி எல்லோரும் இறங்கி நிற்க, கோழி மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அமீன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. "வெளிநாட்டுப் படம் பாப்பாரே, அவரா?" என்று டீக்கடையில் வழி காட்டினார்கள். ஊரில் பாதி வீடுகள் பெரிதாக, பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் எல்லாம் மலேசியா, புருணை, துபாய். அமீனும் கோலாலம்பூரில் துணிக்கடையில் பதினெட்டு வருஷம் இருந்தவர்தான். ஹாங்காங் படமும் கொரியப் படமும் அங்கே பழகியது என்றார்.

அவர் மனைவி மும்தாஜ் மட்டன் பிரியாணியும் தால்ச்சாவும் செய்திருந்தார். எங்கள் பக்கத்துப் பிரியாணி உறைப்பில் மிரட்டும், இது அன்பாகப் பேசும் பிரியாணி. கடைசியில் தம்ரூட். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பை இரண்டு துண்டோடு நிறுத்த வேண்டும் என்று மனசு சொன்னது. வாய் கேட்கவில்லை.

அமீன் மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒரு ஈரான் படத்தில் தகப்பன் கழுதையை விற்கச் சந்தைக்குப் போய், விற்காமலே திரும்பி வருகிறான். "ஏன் விக்கலைன்னு பொண்டாட்டி கேக்கவே மாட்டாங்க, பாத்தீங்களா? கேக்காம தண்ணி எடுத்துட்டு வந்து குடுப்பாங்க. நான் அந்த எடத்துல நிப்பாட்டிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் மிச்சத்தைப் பாத்தேன்" என்றார். எனக்கு அந்தக் காட்சி ஞாபகமே இல்லை. நான் கழுதையைத்தான் பார்த்திருக்கிறேன்.

வந்த விஷயத்தை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. நானும் அன்றைக்குச் சிரித்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போது ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். உள்ளறையில் அவருடைய அம்மா கிடந்த கட்டில், மெத்தை எடுத்துவிட்டு வெறும் பலகையாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஒத்திகை மறந்துவிட்டது. நாளைக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, வராம இருப்பேனா" என்றார். பிறகு கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒண்ணுங்க. கலியபெருமாள் வாசிச்சா நான் எந்திரிச்சுருவேன். அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டு ஒக்கார என்னால முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

மன்னார்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம் கையில் ஒரு டப்பா தம்ரூட்டும் மனசில் கலக்கமுமாக வந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு டீச்சரின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு கலியபெருமாளின் ஊருக்குக் கிளம்பினேன். சிங்கப்பூரில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவள் வரப்பு ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகுமோ அது ஆனது. வண்டி ஒரு பக்கம், நான் வாய்க்கால் ஓரச் சேற்றில் ஒரு பக்கம். நெல் மூட்டையைத் தூக்குவது போல என்னைத் தூக்கிவிட்ட ஒரு அம்மாள், காலைக் கழுவிக்கொள்ள மதகைக் காட்டினார். எங்கே போகிறாய் என்று கேட்டவரிடம் கலியபெருமாள் பெயரைச் சொன்னேன். "வாய்க்காரவுக வீடுதானே" என்று கை காட்டினார்.

அந்த வாய்க்காரர் வயலில் நின்றிருந்தார். அன்றைக்கு அவருக்கு அறுப்பு. ஈரம் காயாத வயல் என்பதால் பெல்ட் வைத்த அறுவடை மிஷின் உறுமிக்கொண்டு போக, பின்னாலேயே முழங்கால் அளவு சேற்றில் கலியபெருமாள் நடந்தார். ஐம்பது வயசு, ஒல்லி, தலையில் துண்டு. என் சேலையில் இருந்த சேற்றைப் பார்த்து, "மேடம், நடவுக்கு இன்னும் நாளு இருக்கு" என்றார். குரலைக் கேட்டதும் நாலு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்த ஆளைப் பார்த்தது போல இருந்தது.

இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சுவும் சாப்பிட்டோம். அவர் வீட்டில் அவர் தலைமுறையில்தான் முதன்முதலாகச் சொந்த நிலம். அப்பா பக்கத்துப் பண்ணையில் கூலிக்கு அறுத்தவர். அதனாலோ என்னவோ, எந்த நாட்டுப் படத்திலும் அவர் முதலில் பார்ப்பது பயிரைத்தான். ஜப்பான் படம் ஒன்றில் கதாநாயகி வரப்பில் நின்று அழுகிறாள். ஊரே அந்த நடிப்பைப் பாராட்டியபோது இவர் மட்டும், அவள் பின்னால் இருக்கும் வயலில் புகையான் பூச்சி அடித்திருக்கிறது, அதற்குத்தான் அழுகிறாள் என்று சொன்னாராம். சொல்லும்போது அவரே சிரித்தார். எனக்கு வயிறு வலித்தது.

அமீன் பெயரை எடுத்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு தடவை கூத்தாநல்லூருக்குப் போனாராம். இரண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம். மதியம் வருவேன், ஜன்னலை மறைக்க நெல்லுக்குப் போடும் தார்ப்பாய்களையும் கொண்டுவருவேன், ஆனால் வாசிக்க மாட்டேன் என்றார். "இந்த வாயை வச்சுக்கிட்டு பாய் முன்னாடி நான் எப்படிங்க ஒக்காருவேன்?" என்று என்னைக் கேட்டார். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்று இவரிடமாவது சொன்னேன். "உங்க சிரிப்பு ஸ்பீக்கர்ல தனியாக் கேட்டுச்சு மேடம்" என்றார்.

மதியம் இரண்டரை மணி. நான் வந்திருப்பது தெரிந்து பன்னிரண்டு பேர் மாடியேறி வந்துவிட்டார்கள். ஒரு மெடிக்கல் ஷாப்காரர் கதவில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு வந்திருந்தார். எல்லோரும் என்னை உற்றுப் பார்த்தார்கள். நாலு வருஷம் உள்ளங்கை அகலத்தில் பார்த்த முகம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார் மெடிக்கல் ஷாப்காரர்.

அமீன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். கலியபெருமாள் ஜன்னல்களில் தார்ப்பாயைக் கட்டிவிட்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவே இருந்த இரண்டு வரிசையில் யாரும் உட்காரவில்லை. வாசிப்பு நாற்காலியில் வசந்தா டீச்சர். என் செல்போன் இருந்த ஜன்னலோரப் பெஞ்சில் நான்.

டீச்சர் வாசித்தது வாசிப்பே இல்லை. "அவர் சொல்கிறார், எனக்கு ஐஸ்கிரீம் வேண்டாம். இவர் சொல்கிறார், ஏன் வேண்டாம்" என்று வகுப்பில் டிக்டேஷன் போடுவது போலச் சொல்லிக்கொண்டு போனார். நான் இரண்டு தடவை விழுந்து விழுந்து சிரித்த இடத்தில் ஒரு இருமல்கூட வரவில்லை. தப்பான படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. நாற்பது நிமிஷம் இப்படி ஊர்ந்தது.

ஐஸ்கிரீம்காரர் வயலோரமாகச் சைக்கிளில் போகிறார். ஊர் தூங்குகிறது, விடிகிறது, மறுபடி அதே வழியில் வருகிறார்.

"நிறுத்துங்க" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

டீச்சர் ரிமோட்டை அமுக்கினார். கலியபெருமாள் எழுந்து நின்றிருந்தார். பழக்கம் அவரை எழுப்பிவிட்டது, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் வந்த வார்த்தையை அடக்க முடியவில்லை. "நேத்து சாயங்காலம் அந்த வயல்ல நட்டுப் பத்து நாள் பயிரு. விடிஞ்சாக் கதிரு வந்து பால் புடிச்சு நிக்கிது. இந்த ரகம் எங்க கெடைக்கும்னு அந்த ஐஸ்காரர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க, நான் மூணு போகம் எடுத்துக்கிறேன்" என்றார்.

அறை வெடித்துச் சிரித்தது. அமீனும் சிரித்தார். தோள் குலுங்குவது நன்றாகத் தெரிந்தது. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கலியபெருமாள் மட்டும் உட்காரவில்லை.

"பாய்" என்றார். அமீன் திரும்பவில்லை. "அம்மா படுத்திருந்தப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்தேன். ஒரு தடவைகூட அந்த ரூமுக்குள்ள வரலை. வாசல்லயே உங்ககிட்ட விசாரிச்சுட்டுப் போயிட்டேன். பயமா இருந்துச்சு பாய். பெருநாளைக்குப் பெருநாள் எனக்குன்னு தனியாச் சோறு எடுத்து வச்ச அம்மா. அந்தப் படத்துல அதே மாதிரி வந்தப்பவும் அதே பயந்தான். பயம் வந்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. தப்பு என்னோடதுதான்."

தார்ப்பாய் வழியாக நீல வெளிச்சம். அமீன் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தார். அவர் எழுந்து போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

"நீங்க நெனைக்கிற காரணத்துக்கு நான் எந்திரிச்சுப் போகலை, கலியபெருமாள்" என்றார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. "அன்னைக்கு நானும் சிரிச்சேன். இருட்டுல யாரும் பாக்கலை. இருபத்திரண்டு நாள் அம்மா பக்கத்துல ஒக்காந்து ஓதிக்கிட்டு இருந்தேன். வாய் ஓதும். மனசு, இன்னும் போகலையே, இன்னும் போகலையேன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பெத்த அம்மாவை. மும்தாஜ்கிட்டகூட நான் இதைச் சொன்னதில்லை. அதை நீங்க அத்தனை பேர் முன்னாடி சத்தமாச் சொன்னீங்க, நான் சிரிச்சுட்டேன். அதுக்கு மேல அங்க ஒக்கார முடியலை."

கலியபெருமாளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மேல கோவம்னு எல்லாரும் நெனச்சாங்க. அப்படியே நெனைக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. அதுக்கு நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. டீச்சர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். கலியபெருமாள் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அந்த வாயில் வார்த்தை வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து அமீனுக்குப் பக்கத்தில் நின்றார். அமீன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். கட்டிப்பிடித்தல் எல்லாம் கிடையாது.

பிறகு அமீன் டீச்சரைப் பார்த்து, "படத்தைப் போடுங்க டீச்சர். ஆனா நீங்க எந்திரிச்சு வந்துருங்க. நீங்க வாசிச்சாப் பரீட்சை ஹால்ல ஒக்காந்த மாதிரி இருக்கு" என்றார். பிடித்திருந்த முழங்கையை மெல்லத் திரைப் பக்கம் தள்ளிவிட்டார். "போங்க. அந்த ஆளு என்ன சொல்றாருன்னு படிங்க."

கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தார். மிச்சம் ஒரு மணி நேரப் படம் இருந்தது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் அமீன் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.